கன்ஸ்மோக்: வானொலியில் ஒலித்த எல்லைப்புற நீதி

அமெரிக்க மேற்கைக் களமாகக் கொண்ட பழைய வானொலி நாடகங்கள் எல்லாமே, துப்பாக்கியை முந்தி எடுப்பவன் பக்கமே நியாயம் என்று சொல்பவைதானா, அவற்றில் வரும் நீதிக்கும் அந்த நிலத்தில் உண்மையில் நடந்தவற்றுக்கும் ஏதேனும் உறவு உண்டா, கேட்க விரும்பும் ஒருவர் எதிலிருந்து தொடங்கலாம் என்பதே கேள்வி. முதல் ஐயம் 1930களிலும் 1940களிலும் வந்த பெரும்பாலான தொடர்களுக்குப் பொருந்தும். ஆனால் 1952 முதல் வந்த சில தொடர்களுக்கு அது அறவே பொருந்தாது. அவற்றில் தலையாயது அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ்ஸின் வானொலி 1952 ஏப்ரல் 26 முதல் 1961 ஜூன் 18 வரை ஒலிபரப்பிய 'கன்ஸ்மோக்'. நான் மிகுதியாகக் கேட்டதும் மிகவும் மதிப்பதும் அதுவே என்பதால், அதை நடுவில் வைத்தே விடை சொல்கிறேன்.

அதற்கு முன் இருந்த நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். டெட்ராய்ட் நகரத்தின் டபிள்யூஎக்ஸ்ஒய்இசட் நிலையத்தில் 1933 தொடக்கத்தில் பிறந்த 'லோன் ரேஞ்சர்' தொடர்தான் இவ்வகை நாடகங்களுக்கு நெடுங்காலம் இலக்கணமாக இருந்தது. முகமூடி அணிந்த நாயகன், வெள்ளித் தோட்டா, யாரையும் கொல்லாமல் கையிலிருக்கும் ஆயுதத்தை மட்டும் சுட்டு வீழ்த்தும் திறமை, அரைமணி நேரத்துக்குள் தீர்ந்துபோகும் அநீதி ஆகியவை அதன் உறுப்புகள். சிறுவர்களுக்காகச் செய்யப்பட்ட நேர்மையான வேலை அது. ஆனால் நீதி என்பது அதில் ஒரு பரிசுப் பொருள் போலத்தான் வந்து சேரும். யாருக்கும் அதனால் இழப்பு இல்லை, யாரும் இரவில் தூக்கம் கெட்டு எழுந்து உட்காருவதும் இல்லை.

கன்ஸ்மோக் உருவானது வேறொரு தேவையிலிருந்து. சிபிஎஸ் நிறுவனத்தின் தலைவர் வில்லியம் பேலிக்குத் துப்பறியும் நாடகங்கள் மிகவும் பிடிக்கும். துப்பறியும் கதைகளின் நாயகன் பிலிப் மார்லோ போன்ற ஒருவனை மேற்கு நிலத்தில் வைத்து ஒரு தொடர் வேண்டும் என்று அவர் கேட்டதாகவே எல்லா வரலாறுகளும் பதிவு செய்கின்றன. 1949இல் மாதிரி நாடகங்கள் பதிவாயின. அவற்றில் ஒன்றில் நடித்த ஹவர்ட் கல்வர் வேறொரு வெஸ்டர்ன் (மேற்கு நிலக் கதை) தொடருக்கு ஒப்பந்தமாகியிருந்தார். இன்னொரு வெஸ்டர்னில் நடிக்க அவ்வொப்பந்தம் இடம் தரவில்லை. திட்டம் மூன்று ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. பின்னர் இயக்குநர் நார்மன் மெக்டானலும் எழுத்தாளர் ஜான் மெஸ்டனும் அதைக் கையில் எடுத்தார்கள். மெஸ்டன் கொலராடோ மாநிலத்தின் பியூப்லோவில் பிறந்தவர்; குதிரையும் புழுதியும் கால்நடையும் அவருக்குப் படித்துத் தெரிந்தவை அல்ல. வழக்கமான வெஸ்டர்ன் கதைகளின் பொய்கள் மீது அவருக்கு உண்மையான கோபம் இருந்தது, அந்தக் கோபம் அவருடைய பிரதிகளில் அடியோட்டமாகக் கேட்கும். கான்சாஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டியில் சட்டத்தைக் காக்கும் அதிகாரியான மார்ஷல் மாட் டில்லனாக வில்லியம் கான்ராட், உதவியாளர் செஸ்டராகப் பார்லி பேர், டாக்டராக ஹவர்ட் மெக்நியர், மதுக்கூடத்தில் வேலை செய்யும் கிட்டியாக ஜார்ஜியா எல்லிஸ் ஆகிய நால்வரும் ஒன்பது ஆண்டுகளுக்கு அந்த ஊரைக் குரலாலேயே எழுப்பிக் காட்டினார்கள். தொடங்கியபோது விளம்பரதாரர் யாரும் இல்லை என்பது தொடரின் பேறு என்றே நினைக்கிறேன். பின்னாளில் சிகரெட் நிறுவனம் வந்தபோது தொடரின் குணம் உறுதிப்பட்டுவிட்டது.

கேள்வியில் உள்ள ஐயத்துக்கு இத்தொடரின் முன்னுரையே இடம் கொடுக்கிறது. குதிரைக் குளம்போசையும் துப்பாக்கி வெடியும் ரெக்ஸ் கூரியின் இசையும் ஒலிக்க, கொலைகாரர்களையும் கெடுப்பவர்களையும் கையாள ஒரே வழிதான் உண்டு, அது மார்ஷலும் துப்பாக்கிப் புகையின் வாடையும்தான் என்று அறிவிப்பாளர் முழங்குவார். உடனே டில்லனின் குரல் அதைத் தணிக்கும். எல்லோரும் முதலில் தேடுகிற ஆளும், கடைசியாகச் சந்திக்க விரும்புகிற ஆளும் தானே என்றும், இந்த வேலை ஆபத்தானது, ஒருவனை எச்சரிக்கையுள்ளவனாகவும் சற்றுத் தனிமைப்பட்டவனாகவும் ஆக்கிவிடும் என்றும் அவர் சொல்வார். அறிவிப்பாளர் விற்கும் நாடகம் ஒன்று, டில்லன் நடத்தும் நாடகம் இன்னொன்று. தொடரின் நல்ல பகுதிகள் அனைத்தும் இரண்டாவதையே சேர்ந்தவை.

இத்தொடரில் நீதி என்பது குற்றவாளியைச் சுட்டு வீழ்த்துவது அன்று. பிடிபட்டவனை, அவன் எவ்வளவு வெறுக்கத்தக்கவனாக இருந்தாலும், நீதிபதியின் முன்னால் நிற்கும்வரை உயிரோடு வைத்திருப்பதே நீதி. முதல் நாடகத்திலேயே இது வந்துவிடுகிறது. வால்டர் நியூமன் எழுதிய அந்த நாடகத்தில், கொலைப் பழி சுமத்தப்பட்ட ஒருவனைத் தூக்கிலிட ஊர்க் கூட்டம் திரள்கிறது. டில்லன் தனியாளாக அதன் எதிரில் நிற்கிறார். அவரை நாயகனாக எண்ணி அவர் பின்னாலேயே சுற்றும், வீட்டை விட்டு ஓடிவந்த ஒரு சிறுவனும் அதில் உண்டு. அச்சிறுவன்தான் பின்னாளில் பில்லி தி கிட் என்ற கொலைகாரனாகப் பெயரெடுத்தவன் என்பது இறுதியில் தெரிய வருகிறது. கூட்டம் யாரைத் தேடியதோ அவனிடம் குற்றம் இல்லை, யார்மேல் எவருக்கும் ஐயம் எழவில்லையோ அவனிடம்தான் இருந்தது. கும்பலின் தீர்ப்பு எவ்வளவு எளிதாகத் தவறும் என்பதைத் தொடர் தன் முதல் அரைமணி நேரத்திலேயே சொல்லிவிடுகிறது. பின்னால் வந்த நூற்றுக்கணக்கான நாடகங்களில் கும்பல் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கும்பலில் இருப்பவர்கள் கொள்ளையர்கள் அல்லர். கடை வைத்திருப்பவர்கள், பண்ணைக்காரர்கள், முந்தைய நாள் மார்ஷலோடு அமர்ந்து காபி குடித்தவர்கள்.

இது எழுத்தாளர்களின் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. 1863-64 குளிர்காலத்தில் மான்டானாவின் தங்கச் சுரங்க ஊர்களில் தன்னார்வக் குழுவினர் சில வாரங்களுக்குள் சுமார் 20 பேரைத் தூக்கிலிட்டார்கள். அவர்களுள் பேனக் ஊரின் ஷெரிஃப் ஹென்றி பிளம்மரும் ஒருவர். அவர் உண்மையிலேயே கொள்ளைக் கூட்டத்தின் தலைவரா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் உடன்படவில்லை, ஏனென்றால் விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை. டாட்ஜ் சிட்டியின் சொந்த வரலாறு இதைவிடக் கசப்பானது. 1872இல் சாண்டா ஃபே ரயில் பாதையோடு அந்த ஊர் முளைத்தபோது அங்கே நகராட்சியும் இல்லை, காவலரும் இல்லை. எருமைத் தோல் வணிகர்களும் ரயில் தொழிலாளர்களும் வேட்டைக்காரர்களும் நிறைந்த அவ்வூரில் தொடர்ந்து கொலைகள் விழுந்தன. ஒழுங்கை நிலைநாட்டுவதாகச் சொல்லி ஊரார் சிலர் ஒரு கண்காணிப்புக் குழுவை அமைத்தார்கள். 1873 ஜூனில் அந்தக் குழுவைச் சேர்ந்தவர்களே, அருகிலிருந்த ராணுவ முகாமின் தளபதியிடம் பணிபுரிந்த வில்லியம் டெய்லர் என்ற கறுப்பின மனிதரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களைக் கைது செய்ய ராணுவம் ஊருக்குள் நுழைய வேண்டியதாயிற்று. ஒழுங்குக்காகத் திரண்டவர்களே கொலைகாரர்களான அந்த ஊரைத்தான் மெஸ்டன் தன் நாடகங்களின் களமாகக் கொண்டார்.

வானொலி என்ற ஊடகம் இதற்கு எப்படி உதவியது என்பதைச் சற்று நின்று கேட்க வேண்டும். ரே கெம்பர், டாம் ஹேன்லி போன்ற ஒலி விளைவுக் கலைஞர்கள் இத்தொடருக்காகச் செய்த வேலைக்கு நிகராக அமெரிக்க வானொலியில் மிகச் சிலவே உண்டு. டில்லன் தன் அலுவலகத்திலிருந்து லாங் பிராஞ்ச் மதுக்கூடத்துக்கு நடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற தொடர்களில் அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். இங்கே கதவு சாத்தப்படும். மரப்பலகை நடைபாதையில் பூட்ஸ் விழும் ஒலியும் குதிமுள்ளின் மெல்லிய கிணுக்கும் கேட்கும். பலகை முடிந்து காலடி தெருவின் மண்ணில் இறங்கும்போது ஒலி மழுங்கும். எங்கோ ஒரு நாய் குரைக்கும், சந்தில் பிள்ளைகள் கத்துவார்கள். மீண்டும் பலகை, அதன்பின் மதுக்கூடத்தின் கதவு, உள்ளிருந்து இரைச்சல். இவ்வளவு நேரமும் யாரும் பேசுவதில்லை. விளம்பரத்துக்கு வினாடிக் கணக்கில் விலை பேசப்பட்ட ஊடகத்தில் இத்தனை மௌனத்தை அனுமதித்த மெக்டானலின் துணிச்சலை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அந்த நடையின் நீளத்தினால்தான் துப்பாக்கிச் சண்டையின் குறுமை நமக்கு உறைக்கிறது. அவ்வளவு நேரம் நடந்து சென்ற மனிதர் ஒரு வினாடியில் இன்னொருவரைக் கொல்கிறார். அடுத்துக் கேட்பது வெற்றி இசை அன்று. கீழே கிடப்பவனின் மூச்சு, டாக்டரை வரச்சொல்லும் செஸ்டரின் குரல். திரைப்படத்தில் விழுந்தவனிடமிருந்து கேமரா நகர்ந்துவிடும். செவிக்கு அப்படி விலகும் வசதி இல்லை.

டாக்டரைப் பற்றியும் ஒரு சொல். தொடக்க நாடகங்களில் அவர் செத்தவர்களுக்குக் கிடைக்கும் கட்டணத்தைக் கணக்குப் பார்க்கிற, ஏறக்குறைய மகிழ்ச்சியோடு பிணத்துக்குக் காத்திருக்கிற மனிதராக இருந்தார். மெக்நியரின் நடிப்பில் அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் களைப்பும் கனிவும் கொண்டவராக மாறினார். வன்முறையைத் தொழிலாகப் பார்ப்பவர் ஒருவர் அதனால் எப்படித் தேய்கிறார் என்பதை டில்லனைவிட அவரிடமே நான் தெளிவாகக் கேட்கிறேன்.

டில்லனிடம் அதைக் கேட்க வேண்டுமானால் 'பிளடி ஹேண்ட்ஸ்' என்ற நாடகத்துக்குப் போக வேண்டும். கடமையின் பொருட்டு ஒரே மூச்சில் சிலரைக் கொன்றுவிட்டுத் திரும்பும் டில்லனுக்குத் தன் கைகளைப் பார்க்கவே அருவருப்பாகிறது. மார்ஷல் சின்னத்தைக் கழற்றி வைத்துவிடுகிறார். கான்ராடின் குரல் அதுவரை இருந்த உறுதியை இழந்து தட்டையாகிவிடுவதைக் கவனிக்க வேண்டும். கொஞ்சநாள் அவர் எல்லோரையும் போல வாழ்கிறார். பிறகு ஊரில் ஒரு பெண் கொல்லப்படுகிறாள், கொன்றவனைத் தடுக்க ஆளில்லை என்ற செய்தியோடு செஸ்டர் வந்து நிற்கிறார். டில்லன் திரும்பிப் போகிறார். நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்ற பெருமிதம் அதில் துளியும் இல்லை; சிலரைத் தடுத்தே தீர வேண்டும், தடுக்க வேண்டிய நிலை இல்லாதிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற துயரம் மட்டுமே இருக்கிறது. சட்டத்தின் பெயரால் செய்யப்படும் கொலையும் கொலை செய்பவனைக் கறைப்படுத்தும் என்பதை 1950களின் மக்கள் ஊடகம் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

'தி கேபின்' இன்னும் கடுமையானது. பனிப்புயலில் சிக்கி ஒரு குடிசையில் ஒதுங்கும் டில்லன், அங்கே இரண்டு கொள்ளையர்கள் ஒரு பெண்ணைப் பிடித்து வைத்திருப்பதைக் காண்கிறார். இறுதியில் அவ்விருவரும் சாகிறார்கள். பழைய தொடர்கள் அங்கேயே முடித்துவிட்டிருக்கும். இங்கே அதன் பிறகுதான் நாடகத்தின் உயிரான பகுதி வருகிறது. தனக்கு நேர்ந்ததை ஊர் மன்னிக்காது என்று உணர்ந்த அந்தப் பெண், இனித் தனக்கு மதுக்கூட வாழ்க்கைதான் என்று முடிவெடுத்திருக்கிறாள். டில்லன் அவள் மனத்தை மாற்றப் பார்க்கிறார்; அவரிடம் அவளுக்குக் கொடுக்க வார்த்தைகள் மட்டுமே உள்ளன. குற்றவாளிகளைத் தண்டிப்பது வேறு, குற்றத்துக்கு ஆளானவருக்கு இழந்ததைத் திருப்பித் தருவது வேறு என்பதும், துப்பாக்கி முதலாவதைத்தான் செய்யும் என்பதும் அந்த உரையாடலில் விளக்கமின்றியே புலப்படுகின்றன.

இனி வரலாற்றோடு ஒப்பிடுவோம். சட்ட நுணுக்கத்தில் கன்ஸ்மோக் பெரிய சலுகை ஒன்றை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க மேற்கில் மூன்று வகைக் காவல் அதிகாரிகள் இருந்தனர். நகர மார்ஷலை நகராட்சி நியமிக்கும். மாவட்ட ஷெரிஃபை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட மத்திய மார்ஷலைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். டில்லன் மத்திய மார்ஷல். கான்சாஸ் 1861இலேயே மாநிலமாகிவிட்டது என்பதால், 1870களில் டாட்ஜ் சிட்டியின் தெருவில் நடக்கும் கொலை மத்திய மார்ஷலின் பொறுப்பில் வராது. அது ஷெரிஃபின் வேலை, அல்லது நகர மார்ஷலின் வேலை. உண்மையான டாட்ஜ் சிட்டியில் அவ்வேலையைச் செய்தவர்கள் மாஸ்டர்சன் சகோதரர்களும் வையட் எர்ப்பும் அவர்களைப் போன்ற பிறரும்தான். நாடகம் இம்மூன்று பதவிகளையும் ஒருவர் தோளில் ஏற்றிவிடுகிறது. கதைக்கு அது தேவைப்பட்டது; அதிகாரம் பலரிடம் பகிர்ந்திருந்தால் டில்லனின் தனிமைக்கு இடமிருக்காது.

மத்திய மார்ஷல்களின் உண்மையான எல்லைப்புறம் கான்சாஸுக்குத் தெற்கே, இன்று ஓக்லஹோமாவாக உள்ள பழங்குடி நிலப்பகுதி. அதன் வழக்குகள் ஆர்கன்சாஸின் ஃபோர்ட் ஸ்மித் நகரத்தில் இருந்த மத்திய நீதிமன்றத்துக்கு வந்தன. 1875 முதல் 1896 வரை அங்கே நீதிபதியாக இருந்த ஐசக் பார்க்கர் 160 பேருக்கு மரண தண்டனை விதித்தார், அவர்களில் 79 பேர் தூக்கிலிடப்பட்டனர். எண்ணிக்கை கொடூரமாக இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொன்றும் விசாரணைக்கும் நடுவர் குழுவின் தீர்ப்புக்கும் பிறகு வந்தது. அவருடைய நீதிமன்றத்துக்காகக் குற்றவாளிகளைத் தேடிப்போன துணை மார்ஷல்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. செய்த வேலைக்குக் கட்டணமும் மைலுக்கு 6 சென்ட் பயணப் படியும்தான் வருமானம். தேடப்பட்டவன் வழியில் கொல்லப்பட்டால் கட்டணம் போய்விடும், அடக்கச் செலவும் பெரும்பாலும் துணை மார்ஷலின் தலையிலேயே விழும். எனவே பிடித்தவனை உயிரோடு கொண்டுவந்து சேர்ப்பது அவர்களுக்கு அறம் மட்டுமல்ல, பிழைப்பும்கூட. அடிமையாகப் பிறந்து, 1875 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் துணை மார்ஷலாகப் பணியாற்றிய கறுப்பினத்தவரான பேஸ் ரீவ்ஸ் இம்மரபில் மிகப் பெரிய பெயர். டில்லனுக்கு வரலாற்றில் ஒரு நிழல் தேட வேண்டுமென்றால், எர்ப்பைவிட ரீவ்ஸிடம்தான் நான் தேடுவேன்.

டாட்ஜ் சிட்டியின் அமைதி எதனால் வந்தது என்பதிலும் நாடகமும் வரலாறும் பிரிகின்றன. டெக்சாஸிலிருந்து மந்தைகளை ஓட்டிவரும் கௌபாய்களின் பணம் ஊருக்கு வேண்டும், அவர்களின் குண்டுகள் வேண்டாம். இதுதான் வணிகர்களின் நிலை. ஆகவே ஊருக்குள் துப்பாக்கி ஏந்துவதை நகராட்சி தடைசெய்தது. அந்தத் தடையை அறிவித்து ஃபிரன்ட் தெருவில் நின்ற பலகையைப் பழைய புகைப்படத்தில் இன்றும் காணலாம். நகர மார்ஷலின் அன்றாட வேலை எதிர்த்து நின்று சுடுவது அன்று, குடித்திருப்பவனிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வைப்பது. 1878 ஏப்ரலில் நகர மார்ஷல் எட் மாஸ்டர்சன் அப்படியொரு கௌபாயின் ஆயுதத்தைப் பறிக்க முயன்றபோதுதான் சுடப்பட்டு இறந்தார். வரலாற்றாசிரியர் ராபர்ட் டைக்ஸ்ட்ரா, டாட்ஜ் சிட்டி உட்பட ஐந்து கான்சாஸ் கால்நடை நகரங்களில் 1870 முதல் 1885 வரையிலான வணிகக் காலத்தில் நடந்த கொலைகளை எண்ணிப் பார்த்து 45 என்று கணக்கிட்டார். மக்கள்தொகை மிகச் சிறியது என்பதால் விகிதம் அதிகம் என்று பிறர் மறுப்புச் சொன்னதும் நியாயமானதே. எப்படிப் பார்த்தாலும், வாரம் ஒரு பிணம் விழுந்த வானொலி டாட்ஜ் சிட்டியை இந்தக் கணக்கு தாங்காது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மந்தை ஓட்டியவர்களில் கணிசமானோர் கறுப்பினத்தவர்களாகவும் மெக்சிகோ வழியினராகவும் இருந்தனர். இத்தொடரின் டாட்ஜ் சிட்டியில் அவர்களின் குரல் ஏறக்குறைய இல்லை. பழங்குடியினர்மீது மெஸ்டனுக்கும் அவருடன் எழுதியவர்களுக்கும் இரக்கம் இருந்தது, வெள்ளையரின் பேராசையே பல நாடகங்களில் குற்றவாளி. ஆயினும் அப்பாத்திரங்களைப் பேசியவர்கள் வெள்ளை நடிகர்கள், தடுமாறும் ஆங்கிலத்தில். பெண் பாத்திரங்களில் கிட்டியும், கான்சாஸ் மண்ணையே சேர்ந்த கேத்லீன் ஹைட் எழுதிய சிலரும் முழு மனிதர்களாக நிற்கிறார்கள். மற்றவர்களில் பலர் துன்பப்படுவதற்காகவே படைக்கப்பட்டவர்களாகத் தோன்றுகிறார்கள்.

1955இல் இத்தொடர் தொலைக்காட்சிக்குப் போனபோது, பருத்த உடல்வாகு கொண்ட கான்ராடுக்கு இடம் கிடைக்கவில்லை. ஜேம்ஸ் ஆர்னஸ் டில்லனானார், தொடர் 20 ஆண்டுகள் ஓடியது. தொடக்க ஆண்டுகளின் தொலைக்காட்சிக் கதைகளில் பல வானொலிப் பிரதிகளிலிருந்தே எடுக்கப்பட்டவை. ஒரே கதையை இரண்டிலும் கேட்டும் பார்த்தும் ஒப்பிட்டால், கான்ராடின் டில்லனிடம் இருக்கும் களைப்பு ஆர்னஸிடம் இல்லை என்பது தெரியும்.

தொடங்குவதற்கு, தொடக்க ஆண்டுகளின் நாடகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஒலிபரப்புகளைச் சேகரித்து வைத்துள்ள இணையத் தளங்களில் அவை எளிதில் கிடைக்கின்றன. 'தி கேபின்' முதலில், 'பிளடி ஹேண்ட்ஸ்' அடுத்து. அவை பிடித்துப்போனால், 1953-54இல் திரைப்பட நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த 'தி சிக்ஸ் ஷூட்டர்' தொடரின் 39 நாடகங்கள் மென்மையான மாற்றாக இருக்கும். துப்பாக்கியில் பேர்பெற்ற ஒருவன் அதை எடுக்காமல் தப்பிக்கப் பார்ப்பதே அதில் பெரும்பாலும் கதை. மெக்டானலே 1956இல் இயக்கிய 'ஃபோர்ட் லாரமி' ராணுவ முகாமின் கட்டுப்பாடும் நீதியும் மோதும் இடங்களைக் காட்டுகிறது. அதில் படைத்தலைவராக வரும் ரேமண்ட் பர்ரின் குரலைக் கேட்டால், மறு ஆண்டே அவர் தொலைக்காட்சியில் வழக்கறிஞர் பெரி மேசனாக ஏன் நிலைத்தார் என்பது விளங்கும். 1958இல் வந்த 'ஃபிரன்டியர் ஜென்டில்மேன்', லண்டன் பத்திரிகைக்கு எழுதும் ஆங்கிலேயன் ஒருவனின் கண்ணால் அதே நிலத்தைப் பார்க்கிறது. ஜான் டெனர் அதில் நாயகன். கன்ஸ்மோக்கில் வாரம் ஒரு கொலைகாரனாகவோ கோழையாகவோ வந்துபோன அதே டெனர்தான். இவற்றை ஒரே நாளில் வரிசையாகக் கேட்க வேண்டாம். ஒரு நாடகம் முடிந்ததும் அடுத்ததைப் போடாமல் விட்டால்தான், விழுந்தவனின் பெயர் மறுநாள்வரை மனத்தில் இருக்கும்.